ஊர்ப் பெயர் மாறலாம், முகவரி மாறலாமா?

விழுப்புரத்தில் இருக்கும் நண்பருக்கு ஒரு கடிதம் எழுதுகிறீர்கள். உறையின் மேல் 605602 என்ற அஞ்சல் குறியீட்டு எண்ணைப் போடுகிறீர்கள். திண்டிவனத்திற்கு என்றால் 604001. 1972 ஆகஸ்டு 15 அன்று நம் நாட்டில் நடைமுறைக்கு வந்த ஏற்பாடு இது. அப்போது இவ்விரு ஊர்களும் தென்னார்க்காடு மாவட்டத்தில் இருந்தன. 1993இல் விழுப்புரம் தனி மாவட்டத்தின் தலைநகராயிற்று. திண்டிவனமும் அதில் சேர்ந்தது. ஆனால் குறியீட்டு எண்ணுக்குள் மாவட்டத்தின் பெயரே இல்லை. எனவே மாவட்டம் மாறியதற்காக எண்ணை மாற்ற வேண்டிய தேவை எழவில்லை. நல்ல முகவரியின் இலக்கணம் இதுதான்: மாறக்கூடியது எதுவும் அதற்குள் இருக்கக் கூடாது.

இணையத்தில் உள்ள ஒவ்வொரு பக்கத்திற்கும் இப்படி ஒரு முகவரி உண்டு. அதற்கும் இதே இலக்கணம் பொருந்துமா? பார்ப்போம்.

404 என்றால் என்ன?

விழுப்புரம் மாவட்டத்தில் திருவக்கரை என்ற ஊர் இருக்கிறது. சுமார் 2 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்ட மரங்கள் அங்கே கல்லாகிக் கிடக்கின்றன. உங்கள் பள்ளி அறிவியல் மன்றம் அவற்றைப் பற்றி ஓர் இணையப் பக்கம் எழுதுவதாக வைத்துக்கொள்வோம். அதன் முகவரியை ஒருவர் தட்டினால், முதலில் முகவரியின் முன்பகுதியைக் கொண்டு எந்தக் கணினியிடம் கேட்பது என்பது தெரிந்துகொள்ளப்படும். பிறகு அந்தக் கணினி, முகவரியின் பின்பகுதியில் உள்ள பெயருக்கு உரிய பக்கத்தைத் தேடி எடுத்து அனுப்பும். பின்பகுதியில் ஓர் எழுத்து மாறியிருந்தாலும் பெரும்பாலும் கிடைப்பது பக்கம் அல்ல. 404 என்ற எண்தான். ‘அப்படி ஒரு பக்கம் இங்கே இல்லை’ என்பது அதன் பொருள்.

இது அரிதாக நிகழ்வதன்று. அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் 2024இல் வெளியிட்ட ஆய்வின்படி, 2013இல் இருந்த இணையப் பக்கங்களில் 38 விழுக்காடு பத்தாண்டுகளுக்குப் பின் கிடைக்கவில்லை. கல்மரம் கோடி ஆண்டுகள் நிலைத்திருக்க, அதைப் பற்றி எழுதியது பத்தாண்டு கூடத் தாங்கவில்லை என்றால் வருத்தமாக இல்லையா?

தேடுபொறி எப்படி வழி காண்கிறது?

தேடுபொறியின் நிரல் ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்திற்கு இணைப்புகளின் வழியாகவே செல்கிறது. பலர் இணைப்புக் கொடுத்த பக்கம் மதிப்புடையதாக இருக்கும் என்ற கருத்தின் மேல் லாரி பேஜும் செர்ஜி பிரின்னும் 1998இல் கூகுளைத் தொடங்கினார்கள். இணைப்பு என்பது ஏறக்குறைய ஒரு வாக்கு. முகவரியை நீங்கள் மாற்றிவிட்டால், பழைய முகவரிக்கு விழுந்த வாக்குகள் எல்லாம் 404இல் போய் முட்டி நிற்கும். நாளடைவில் தேடுபொறியும் அதைத் தன் பட்டியலிலிருந்து நீக்கிவிடும்.

எழுத்துக்கூட்டல் படுத்தும் பாடு

‘ழ’ என்ற ஒலிக்கு ஆங்கிலத்தில் தனி எழுத்து இல்லை. அதனால் விழுப்புரத்தை ஆங்கிலத்தில் பலர் பலவாறு எழுதுகிறார்கள். 2020 ஜூன் மாதத்தில் தமிழ்நாடு அரசு 1018 ஊர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலைத் தமிழ் உச்சரிப்பை ஒட்டி மாற்றி அறிவித்தது. விழுப்புரமும் அப்பட்டியலில் இருந்தது. அதே மாதத்திலேயே அந்த அறிவிப்பு திரும்பப் பெறப்பட்டது. அந்த அறிவிப்பைப் பார்த்ததும் ஒருவர் தம் பக்கத்தின் முகவரியை மாற்றி, பிறகு மறுபடியும் பழையபடி மாற்றியிருந்தால், இடையில் அவருக்கு இணைப்புக் கொடுத்தவர்களின் கதி என்ன?

தமிழிலேயே எழுதிவிட்டால் என்ன என்று கேட்பீர்கள். எழுதலாம். ஆனால் ஒரு கணக்கைப் பாருங்கள். ‘விழுப்புரம்’ நம் கண்ணுக்கு 6 எழுத்து. கணினிக்கோ உயிர்க்குறியும் புள்ளியும் தனித்தனி. ஆக 11 குறிகள். ஒரு குறிக்கு 3 பைட் வீதம் 33 பைட். முகவரியில் ஒவ்வொரு பைட்டும் 3 எழுத்துகளாக விரியும்போது மொத்தம் 99! இவ்வளவு நீளமான முகவரியை நகலெடுத்து அனுப்பும்போது எங்காவது அறுந்துபோக வாய்ப்பு உண்டு. ‘திண்டிவனம்’ என்பதும் 6 எழுத்துதான். அதற்கு 90தான் வரும். ஏன் என்று கண்டுபிடியுங்கள்.

நீங்கள் செய்ய வேண்டியவை

1. முகவரியில் பொருளைக் குறிக்கும் சிறு சொற்களை மட்டும் வையுங்கள். மாவட்டம், வகுப்பு, ஆசிரியர் பெயர் வேண்டாம். சொற்களுக்கு இடையே சிறுகோடு இடுங்கள்.

2. பலவகை எழுத்துக்கூட்டல்களைப் பக்கத்தின் உள்ளே எழுதுங்கள். எப்படித் தேடினாலும் அகப்படும். முகவரியை மாற்ற வேண்டியதில்லை.

3. மாற்றியே தீர வேண்டுமானால் பழைய முகவரியில் 301 என்ற திருப்பிவிடும் ஏற்பாட்டைச் செய்யுங்கள். ‘நிலையாக இடம் மாறிவிட்டது’ என்பது அதன் பொருள். வீடு மாறியவர் தபால் நிலையத்தில் புது முகவரி எழுதிக் கொடுப்பதைப் போன்றது இது. வாசகரும் தேடுபொறியும் தாமாகவே புது இடத்திற்கு வந்துவிடுவார்கள்.

4. நீங்கள் பிறருக்குக் கொடுத்த இணைப்புகளை மாதம் ஒருமுறை சொடுக்கிப் பாருங்கள். அறுந்தவற்றைச் சரிசெய்யுங்கள்.

உலகளாவிய வலையை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ்-லீ, நல்ல முகவரிகள் மாறுவதில்லை என்று 1998இலேயே வலியுறுத்தினார். முகவரி தானாக மாறுவதில்லை, நாம்தான் மாற்றுகிறோம். ஆகவே பக்கத்தை வெளியிடும் முன் ஒரு நிமிடம் நின்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள்: இருபது ஆண்டுகள் கழித்துத் திண்டிவனத்தில் ஒரு மாணவி இதே முகவரியைத் தட்டினால், கல்மரம் அவளுக்குத் தெரியுமா, 404 தெரியுமா?