கணினிக்குள் இரண்டு கடிகாரங்கள்

எந்த இணையதளத்தைத் திறந்தாலும் ‘இணைப்பு பாதுகாப்பானது அல்ல’ என்று பிரவுசர் மிரட்டுகிறதா? வைரஸைத் தேடும் முன் திரையின் ஓரத்தில் தேதியைப் பாருங்கள். பல வருடங்களுக்கு முந்தைய ஏதோவொரு ஜனவரி 1 அங்கே நின்றுகொண்டிருக்கலாம். இணையதளங்களின் சான்றிதழ்கள் இன்ன தேதி முதல் இன்ன தேதி வரை செல்லும் என்ற குறிப்போடுதான் வருகின்றன. பழைய தேதியில் இருக்கும் கணினிக்கு அது இன்னும் நடைமுறைக்கே வராத சான்றிதழ்.

கோளாறு பெரும்பாலும் மதர்போர்டில் இருக்கும் பட்டன் பேட்டரியில். பெயர் சிஆர்2032. விட்டம் 20 மி.மீ., கனம் 3.2 மி.மீ. என்பதைத்தான் அந்த எண் சொல்கிறது. பிளக்கைப் பிடுங்கிவிட்டாலும் ஒரு கடிகாரச் சிப்பை வருடக்கணக்கில் ஓட வைப்பது இதன் 3 வோல்ட். சிப்புக்குத் தாளம் போடும் குவார்ட்ஸ் படிகம் நொடிக்கு 32,768 முறை அதிர்கிறது. விசித்திரமான எண்தான்; ஆனால் பதினைந்து முறை பாதியாக்கிக்கொண்டே போனால் சரியாக 1 வரும். மின்சுற்றுக்குப் பாதியாக்குவதைப் போல எளிய வேலை வேறில்லை. வெப்பம் ஏறி இறங்கினால் தாளம் பிசகும். பத்து லட்சத்தில் 20 பங்கு பிசகினாலே நாளுக்கு 1.7 நொடி, மாதத்துக்கு ஐம்பது நொடிக்கு மேல்.

திரையில் தெரிவது இந்தக் கடிகாரம் அல்ல. இயங்குதளம் தொடங்கும்போது சிப்பிடம் ஒருமுறை மணி கேட்டுக்கொள்ளும்; பிறகு தானே எண்ண ஆரம்பித்துவிடும். லினக்ஸ் வைத்திருக்கும் கணக்கு மிக எளிது: யூடிசி எனப்படும் உலகப் பொது நேரப்படி 1970 ஜனவரி 1 நள்ளிரவிலிருந்து எத்தனை நொடி ஆயிற்று என்பது மட்டும். ‘டேட்’ கட்டளையால் திருத்தினால் இந்தக் கணக்குத்தான் மாறும். சிப்பிலும் எழுத ‘எச்டபிள்யூகிளாக்’ என்ற கட்டளை தனியே இருக்கிறது.

ஒரே கணினியில் விண்டோஸும் லினக்ஸும் வைத்திருப்பவர்களுக்கு இந்த இரட்டைக் கடிகாரம் நன்றாகவே பழக்கம். விண்டோஸ் சிப்பில் உள்ளூர் நேரத்தை எழுதும். லினக்ஸ் யூடிசியை எழுதும். லினக்ஸிலிருந்து விண்டோஸுக்குத் திரும்பினால் காலை 10 மணி 4.30 ஆகிவிடும். இந்திய நேரத்துக்கும் யூடிசிக்கும் உள்ள ஐந்தரை மணி நேர வித்தியாசம் அப்படியே.

இதில் லினக்ஸின் வழியே உருப்படியானது என்பேன். உள்ளூர் நேரம் அரசாங்க உத்தரவில் மாறக்கூடியது. இலங்கை 1996 மே மாதம் ஐந்தரையிலிருந்து ஆறரைக்குப் போனது, அக்டோபரில் ஆறுக்கு இறங்கியது, 2006 ஏப்ரலில் மறுபடி ஐந்தரைக்கே வந்தது. யூடிசியில் எண்ணும் கணினிக்கு இதனால் ஒரு நொடியும் நகரவில்லை. நேர மண்டல அட்டவணையில் சில வரிகள் கூடின, அவ்வளவே.

பிசகைத் திருத்துவது என்டிபி என்ற இணைய ஏற்பாடு. டெலவேர் பல்கலைக்கழகத்தின் டேவிட் மில்ஸ் 1980களில் உருவாக்கியது. கேள்வி கிளம்பிய நேரம், சர்வரை அடைந்த நேரம், பதில் கிளம்பிய நேரம், வந்து சேர்ந்த நேரம் என நான்கையும் வைத்து, வழியில் ஆன தாமதத்தைக் கழித்துக் கணக்கிடுகிறது. பிசகு சிறிதென்றால் கடிகாரத்தைச் சட்டென்று தள்ளாது. ஓட்டத்தைத் துளி கூட்டியோ குறைத்தோ வழிக்குக் கொண்டுவரும். பத்து லட்சத்தில் 500 பங்குக்கு மேல் போகாது என்பதால் பத்தில் ஒரு நொடியைச் சரிசெய்யவே மூன்று நிமிடத்துக்கு மேல் பிடிக்கும். இந்த நிதானத்துக்குக் காரணம் உண்டு. மணி பின்னால் குதித்தால் சற்றுமுன் சேமித்த கோப்பு ‘எதிர்காலத்தில்’ எழுதப்பட்டதாகத் தெரியும். இரவு 2 மணிக்கு ஓட வேண்டிய வேலை இரண்டு தடவை ஓடக்கூடும்.

ஆகவே மணி தப்பாகத் தெரிந்தால் உடனே கையால் மாற்றப் போகாதீர்கள். மணிக்கணக்கில் வித்தியாசம் என்றால் நேர மண்டலத்தைப் பாருங்கள். நிமிடக்கணக்கில் என்றால் தானியங்கி நேரம் அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். வருடமே தப்பு என்றால் பேட்டரிதான். மாற்றும் முன் பிளக்கைக் கழற்றிவிடுங்கள். கூட்டல் குறி எந்தப் பக்கம் இருந்தது என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.