உஷார்! பட்டாளத்து வீட்டின் ‘சமத்து’ப் பிள்ளை

டி.வி.யை நிறுத்துங்கள். முதலில் அதைச் செய்துவிட்டு மிச்சத்தைப் படிக்கலாம்.

2025 மே 7 விடியும் முன்பே பாகிஸ்தானுக்குள் இந்தியாவின் ‘ஆபரேஷன் சிந்தூர்’ தாக்குதல் தொடங்கிவிட்டது. 10-ஆம் தேதி மாலை சண்டை நிறுத்தம். இடையில் இருந்த அந்த நாட்களைக் கொஞ்சம் ஞாபகப்படுத்திப் பாருங்கள். கோடை விடுமுறை, பிள்ளைகள் நாள் முழுக்க வீட்டில். லீவில் வந்திருந்த அப்பாக்கள் பலரைப் பாதி லீவிலேயே யூனிட்டுக்குத் திருப்பி அழைத்திருந்தார்கள். கல்பாக்கத்திலும் சென்னைத் துறைமுகத்திலும் போர்க்கால ஒத்திகை. சேனலைத் திருப்பினால் சைரன், சிவப்பு எழுத்து, கிராஃபிக்ஸில் பறக்கும் ஏவுகணை. 8-ஆம் தேதி இரவு கராச்சித் துறைமுகமே காலி என்று சில தேசிய சேனல்கள் அலறின. அத்தனையும் பொய். நமக்கு அது மறுநாள் டீக்கடையில் கிண்டலடிக்கிற சமாசாரம். எல்லையில் அப்பா இருக்கிற பத்து வயசுப் பிள்ளைக்கு அப்படியா? திரையில் எங்கே குண்டு விழுந்தாலும் அது அப்பா பக்கத்தில்தான் விழுகிறது.

அந்த மாதிரி ஒரு வீட்டுப் பையனைப் பார்த்தேன். அம்மாவின் போனைக் கீழேயே வைக்கவில்லை. கேம் ஆடுகிறான் என்றுதான் நினைத்தேன். அவன் பார்த்துக்கொண்டிருந்தது வாட்ஸ்அப்பில், அப்பாவுக்குத் தான் அனுப்பிய ‘சாப்டியாப்பா’ என்ற செய்தியை. “ம்மா, இன்னும் ஒரு டிக்குதாம்மா.” அம்மா அடுப்படியிலிருந்து, “டவர் இருக்காதுடா, பேசாம போய்ப் படு” என்றார். படுத்தான். தலையணைக்கு அடியில் போன்.

வேலூர் மாவட்டம் கம்மவான்பேட்டையை ‘ராணுவப்பேட்டை’ என்றே சொல்வார்கள். வீட்டுக்கு ஒருவராவது பட்டாளத்துக்குப் போன ஊர். அங்கே இந்த ஒற்றை டிக்கின் அர்த்தம் தெருவுக்கே தெரியும். ஆனால் கோயம்புத்தூரிலோ தாம்பரத்திலோ ஒரு வகுப்பில் நாற்பது பேரில் ஒரே ஒரு பட்டாளத்துப் பிள்ளை இருந்தால், டீச்சருக்குக்கூடத் தெரியாமல் போகலாம். ஆபத்து அங்கேதான் அதிகம்.

இன்னொரு தேதியும் மறக்கக் கூடாது. 2020 ஜூன் 15 இரவு, லடாக்கின் கல்வான் பள்ளத்தாக்கில் சீன ராணுவத்தோடு மோதல். மறுநாள் முதலில் சொன்ன சாவுக் கணக்கு மூன்று பேர். நம் ராமநாதபுரம் மாவட்டத்து ஹவில்தார் பழனி அந்த மூவரில் ஒருவர். இரவுக்குள் அந்தக் கணக்கு இருபதாகிவிட்டது. லடாக்கில் ஆள் இருந்த ஒவ்வொரு வீட்டிலும் அந்தச் சில மணி நேரம் எப்படிப் போயிருக்கும்! அந்த நேரம் பார்த்துத்தான் குடும்ப குரூப்பில் யாராவது ஒரு சித்தப்பா, ஊர் பேர் தெரியாத பட்டியல் ஒன்றை ‘ஃபார்வர்டு’ செய்வார். தயவு செய்து, அந்தச் சித்தப்பாவாக நீங்கள் இருக்காதீர்கள். சாவுச் செய்தி வாட்ஸ்அப்பில் வராது, ராணுவம் வீட்டுக்கு நேரடியாகத் தெரிவிக்கும் என்பதைப் பிள்ளையிடம் அம்மாவே அமைதியான நாளில் ஒருமுறை சொல்லிவைக்கலாம். கேட்கக் கசப்பாக இருக்கும்தான். ஆனால் பிள்ளை ராத்திரியில் தனியாகப் பண்ணுகிற கற்பனையைவிடக் கசப்பு இல்லை.

சரி, அழுகிற பிள்ளையை எல்லோரும் கவனித்துவிடுவார்கள். என் பயம் அழாத பிள்ளையைப் பற்றி. குடும்பத்தை அழைத்துப் போக முடியாத ஃபீல்டு போஸ்டிங்குக்கு அப்பா போனதும், திடீரென்று பெரியவள் மாதிரி ஆகிவிடுகிற மூத்த பெண். தம்பிக்குத் தலை சீவிவிடுவாள், கேஸ் புக் பண்ணுவாள், அம்மா கண் கலங்கினால் டிபன் தட்டை எடுத்துக்கொண்டு வருவாள். சொந்தக்காரர்கள் எல்லாம் ‘என்ன சமத்து!’ என்று உச்சி முகர்வார்கள். அவள் எப்போது அழுவாள் என்று யாரும் கேட்பதில்லை. ‘மிலிட்டரிக்காரர் பொண்ணு அழலாமா?’, ‘அப்பா வரவரைக்கும் நீதாண்டா வீட்டுக்கு ஆம்பளை’ என்பதெல்லாம் பாராட்டு மாதிரி இருக்கும். ஏழு வயசுத் தோளில் நாம் ஏற்றுகிற மூட்டை அது. ‘அப்பா வரட்டும், உனக்கு இருக்கு’ என்பதோ இன்னும் மோசம். அப்பா உயிரோடு வரவேண்டும் என்றும், வந்துவிடக் கூடாதே என்றும் ஒரே பிள்ளையை வேண்ட வைக்கிற வசனம்.

அமெரிக்காவில் 3 முதல் 8 வயது வரையிலான ராணுவ வீட்டுக் குழந்தைகளை வைத்து நடத்திய ஓர் ஆய்வு 2010-இல் வெளியானது. அப்பாவோ அம்மாவோ களத்துக்குப் போயிருந்த காலத்தில், மனநலம், நடத்தை தொடர்பாக அந்தப் பிள்ளைகளை டாக்டரிடம் அழைத்து வந்தது 11 சதவீதம் கூடியிருந்தது. அங்கே அழைத்து வந்தார்கள், அதனால் கணக்கு இருக்கிறது. நம் வீடுகளில் ‘ஏக்கம், சரியாப் போயிடும்’ என்று மந்திரித்துத் தாயத்து கட்டுவதோடு முடிந்துவிடுகிறது.

எதைப் பார்த்தால் உஷாராக வேண்டும்? பாயை நனைப்பதை நிறுத்திய பிள்ளை மறுபடி நனைக்கிறதா? பள்ளிக்கூட நாளில் மட்டும் காலையில் வயிற்றுவலியா? அம்மா குளிக்கப் போனால்கூடக் கதவைத் தட்டுகிறதா? வளர்ந்த பிள்ளையென்றால் தூக்கம் கெடும், சாப்பாடு குறையும், காரணமில்லாமல் எரிந்து விழும். இவை ஓரிரு வாரத்தைத் தாண்டி நீடித்தால் டாக்டரிடம் போவதைத் தள்ளிப் போடாதீர்கள். ‘நான் இல்லாட்டி உங்களுக்கெல்லாம் நிம்மதி’ என்று ஒரு வார்த்தை வந்துவிட்டாலோ ஒரு நாள்கூடக் காத்திருக்க வேண்டாம். ‘சும்மா மிரட்டுறான்’ என்று சொல்கிற பெரியவரையும் நம்ப வேண்டாம்.

போஸ்டிங் மாறும்போதும் ஒரு கண் வேண்டும். ஜோத்பூரிலோ பட்டிண்டாவிலோ குவார்ட்டர்ஸில் வளர்ந்து, கேந்திரிய வித்யாலயாவில் படித்த பையன், அப்பாவுக்கு ஃபீல்டு வந்ததும் ஒன்பதாம் வகுப்பில் சொந்த ஊருக்கு வந்து சேருகிறான். தமிழ் பேசுவான், எழுத வராது. ‘இந்திக்காரன்’ என்ற பட்டப்பெயர் முதல் வாரமே விழும். வீட்டில் சொல்லமாட்டான். ஏற்கெனவே அம்மாவுக்கு ஆயிரம் கவலை என்று அவனுக்குத் தெரியும்.

அப்பா லீவில் வந்துவிட்டால் எல்லாம் தீர்ந்தது என்றும் நினைக்காதீர்கள். பத்து மாதம் அம்மா பக்கத்தில் படுத்த குழந்தையை அவர் வந்த ராத்திரியே ‘தாத்தாகிட்டப் போய்ப் படு’ என்று அனுப்புவோம். டிரங்குப் பெட்டியைத் திறந்த கையோடு மார்க் ஷீட்டைக் கேட்பார் அப்பா. பட்டாசுச் சத்தத்துக்கு அவர் தூக்கிவாரிப் போட்டு எழுந்தாலோ, ராத்திரி தூங்காமல் திண்ணையில் உட்கார்ந்திருந்தாலோ, தான் ஏதோ தப்புச் செய்துவிட்டதாகவே சின்னப் பிள்ளைக்குத் தோன்றும். ‘அது உன்னால இல்ல’ என்று வாய்விட்டுச் சொல்லியே ஆகவேண்டும். அப்பாவுக்கும் வைத்தியம் தேவைப்படலாம். அது தனிக் கட்டுரை.

டாக்டரிடம் போகத் தயங்குவதற்கு இந்த வீடுகளில் ஒரு தனிக் காரணம் உண்டு. ‘மிலிட்டரி ஆஸ்பத்திரியில் சீட்டுப் போட்டால் அவர் ரெக்கார்டில் ஏறிவிடும், புரமோஷன் போய்விடும்.’ வீரருக்கு ‘ஷேப்’ என்று ஒரு மருத்துவத் தரம் உண்டு. அது அவருடைய உடம்பையும் மனசையும் பார்த்துப் போடுவது. மகளின் பதற்றத்தை வைத்து அப்பாவின் தரத்தை யாரும் இறக்குவதில்லை. அப்படியும் பயமா? 14416 என்ற டெலி-மானஸ் மனநல உதவி எண்ணுக்கு எந்த நேரமும் பேசலாம், தமிழிலேயே. காசு கிடையாது. ராணுவத்தினருக்கும் அவர்கள் குடும்பத்துக்கும் என்றே புனே ராணுவ மருத்துவக் கல்லூரியில் 2023 டிசம்பரில் அதன் தனிப்பிரிவு ஒன்றும் தொடங்கியிருக்கிறார்கள். குழந்தைகளே அழைக்க 1098 இருக்கிறது. வேலூர்ப் பக்கத்துக்காரர்களுக்குப் பாகாயத்தில் சி.எம்.சி. மனநலப் பிரிவு இருக்கிறது.

கடைசியாக ஒன்று, இதைச் சொல்லக் கோபம்தான் வருகிறது. தேசியக் கொடி போர்த்திய பெட்டி ஊருக்குள் வரும்போது, கேமராவுக்கு முன்னால் பிள்ளையைத் தூக்கி நிறுத்தி ‘சல்யூட் அடி தங்கம்’ என்கிறார்கள். நீட்டிய மைக்கில், ‘நீயும் ஆர்மிக்குப் போவியா?’ என்று ஒரு கேள்வி. அப்பா செத்து இரண்டு நாள்கூட ஆகவில்லை. பிள்ளை என்ன சொல்லும்? கூட்டம் எதிர்பார்ப்பதைச் சொல்லும். அது தானாக விரும்பிச் சல்யூட் அடித்தால் அடிக்கட்டும். நாம் கையைத் தூக்கிவிட வேண்டாம். அந்த வீட்டில் சொந்தபந்தம் செய்யவேண்டிய முதல் வேலை, பிள்ளைக்குப் பழக்கமான ஒருவரை, சித்தியோ மாமாவோ, பக்கத்திலேயே இருத்துவது. பிள்ளை கேட்பதற்கு அவர் உண்மையைச் சொல்லட்டும், பசித்தால் சோறு போடட்டும், விளையாடப் போனால் விடட்டும். மைக்கோடு வருகிறவர்களை வாசலிலேயே மறித்து ‘குழந்தை பேசாதுங்க’ என்று சொல்ல இன்னொருவர் வேண்டும், கொஞ்சம் கண்டிப்பான ஆளாக.