விற்கப்போகும் வீட்டுக்கும் ஒரு ‘ஷோகேஸ்’ வேண்டும்

பெருநாள் சீசன் நெருங்கும்போது கடை முகப்பைத் துடைத்து, பழைய மின்குமிழ்களை மாற்றி, புதுச் சரக்கை வாடிக்கையாளரின் கண்ணில் படும் உயரத்தில் அடுக்குவது எம் வர்த்தகர்களுக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டிய பாடமல்ல. ஒரு சேர்ட் விற்பதற்கே இத்தனை ஏற்பாடு. அதே வர்த்தகர் கோடி ரூபா பெறுமதியான தனது வீட்டை விற்க முன்வரும்போது என்ன நடக்கிறது? முன் அறையில் கடைக்குப் போகவேண்டிய அட்டைப்பெட்டிகள். சுவரில் போன வருடக் கலண்டர். சீலிங்கில் மஞ்சள் திட்டு. பார்க்க வந்தவர் ஐந்து நிமிடத்தில் சுற்றிவிட்டு, புரோக்கரின் காதில் ஒரு விலையைச் சொல்லிப் போகிறார். கடன் அடைக்கவோ, மகளுக்கு வீடு கட்டிக்கொடுக்கவோ அந்தப் பணத்தை நம்பியிருப்பவர் அந்த விலைக்கே தலையாட்டி விடுகிறார்.

மேல்நாடுகளில் குளிர் விலகி வசந்தம் பிறக்கும் மாதங்களே வீடு விற்பனைக்குச் சீசன். அதற்கு முன் வீட்டைக் கழுவி, வெளிச்சமாக்கி, தளபாடங்களை ஒழுங்குபடுத்திக் காட்டுவதை ‘ஹோம் ஸ்டேஜிங்’ என்ற பெயரில் ஒரு தொழிலாகவே நடத்துகிறார்கள். 1970களில் அமெரிக்காவின் சியாட்டில் பகுதியில் பார்ப் ஷ்வார்ட்ஸ் என்ற பெண்மணி பிரபலப்படுத்திய தொழில் இது. எமக்கு வசந்தகாலம் கிடையாது. ஆனால் சித்திரைப் புத்தாண்டுக்கு முன் ஊரெல்லாம் பெயின்ட் வாளியும் ஏணியுமாக அலையும் ஒரு பருவம் உண்டு. வீடு விற்க நினைப்பவர் அந்தப் பருவத்துக்கும் சற்று முந்திக்கொள்வது நல்லது.

முதலில் தண்ணீர்

கொழும்பு, களுத்துறை, பேருவளைப் பக்கம் ஜனவரியும் பெப்ரவரியும்தான் வெயிலை நம்பக்கூடிய மாதங்கள். மார்ச் கடைசியிலிருந்து பின்னேரங்களில் இடியுடன் மழை. மே மாதம் தென்மேல் பருவமழை வந்துவிடும். காத்தான்குடி, சம்மாந்துறை, அக்கரைப்பற்றுக் கணக்கு வேறு. அங்கே வடகீழ் மழை ஓய்ந்த பிறகும் சுவரில் ஈரம் நிற்கும். மார்ச்சுக்கு முன் வெளிச்சுவரில் தூரிகை வைப்பது காசை மழையில் கரைப்பதுதான்.

ஆட்களின் பிரச்சினையும் உண்டு. ஏப்ரல் 10 ஆனதும் பெயின்ட் பாஸ்மார், மேசன்மார் பலர் ஊருக்குப் போய்விடுவார்கள். திரும்பி வருவது அவர்கள் விருப்பம். நோன்பும் வருடத்துக்கு 10, 11 நாட்கள் முன்னால் நகர்ந்து, 2026இல் பெப்ரவரியின் இரண்டாம் பாதிக்கு வந்தது. 2027இல் பெப்ரவரி முற்பகுதி. வேலைக்கு நாள் குறிக்கும்போது இந்த இரண்டையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

கையிலுள்ள காசு குறைவாக இருந்தால், அதில் முதல் ரூபா கூரைக்குப் போகட்டும். உடைந்த ஓடு, இலை அடைத்த பீலி, சுவருக்குள் கசியும் குழாய் இவைதான் ஈரத்தின் ஊற்றுக்கண். சந்தேகம் இருந்தால் ஒரு துண்டுப் பொலித்தீனை நான்கு பக்கமும் டேப்பால் சுவரில் ஒட்டி ஒரு நாள் விட்டுப் பாருங்கள். பொலித்தீனின் உட்பக்கம் நீர் பூத்தால் ஈரம் சுவரிலிருந்து வருகிறது. வெளிப்பக்கம் பூத்தால் அது அறைக் காற்றின் ஈரம். யன்னல் திறந்தால் போதும். கசிவை அடைத்து, பொருமிய பூச்சைக் கொத்தி, புதிய சீமெந்துப் பூச்சை நான்கு வாரமாவது காயவிட்ட பிறகே பிரைமரும் பெயின்டும். “நாளைக்கே அடிச்சுத் தாறன்” என்கிற பாஸிடம் கொஞ்சம் அவதானமாக இருங்கள்.

ஈரத்தின் மேல் வோல்பில்லர் பூசி, இரண்டு கோட் பெயின்ட் அடித்து, அடுத்த மழைக்கு முன் உறுதி முடித்துவிடும் கெட்டித்தனமும் எம்மிடையே இல்லாமல் இல்லை. சந்தையில் தானியக் குவியலுக்குள் நபி (ஸல்) அவர்கள் கையை விட்டபோது உள்ளே ஈரம் தட்டுப்பட்ட சம்பவத்தை ஜும்ஆவில் கேட்காத வியாபாரி யார்? மழையில் நனைந்தது என்று சொன்னவரிடம், நனைந்ததை மேலே வைத்திருக்கலாமே என்றுதான் கேட்கப்பட்டது. வீட்டுச் சுவரும் அந்தக் குவியல் போலத்தான். திருத்த முடியாத குறையை முன்கூட்டியே சொல்லி, அதற்கான தொகையை நீங்களே விலையில் கழித்துவிடுங்கள். மறைத்து வைத்து வாங்குபவர் கண்டுபிடித்தால், ஐம்பதாயிரம் ரூபா வேலைக்கு அவர் ஐந்து இலட்சம் கழிப்பார். இன்னும் என்னென்ன மறைந்திருக்கிறதோ என்ற பயத்துக்கும் சேர்த்தே அவர் விலை பேசுவார்.

சாமான் வெளியே

அலங்காரம் என்றதும் புது சோபா வாங்க ஓடவேண்டாம். பெரும்பாலான எம் வீடுகளுக்குத் தேவை சாமான் சேர்ப்பதல்ல, குறைப்பது. கடைச் சரக்கு ஸ்டோருக்குப் போகட்டும். மூன்று அலுமாரி நிற்கும் அறையில் ஒன்றை எடுத்தாலே அறை பெரிதாகிவிடும். பாரமான திரைச்சீலைகளைக் கழற்றி மெல்லிய வெள்ளைத் துணி போடலாம். சுவருக்கு வெள்ளை, கிறீம் போன்ற வெளிர் நிறம் போதும்; உங்கள் பிள்ளைகளுக்குப் பிடித்த கடும் பச்சை வாங்குபவருக்குப் பிடிக்கவேண்டும் என்றில்லை. குசினியும் குளியலறையும் பளிச்சென்று இருக்கவேண்டும். சொட்டும் குழாய்க்கு ஒரு வொஷர், டைல் இடுக்குகளுக்குப் புதிய குரௌட், இவ்வளவுதான். 2022இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 வரை ஏறிய பின் டைலும் பிட்டிங்ஸும் என்ன விலையென்று ஹாட்வெயார்க்காரருக்குச் சொல்ல வேண்டியதில்லை. விற்கப்போகும் வீட்டில் முழுக் குளியலறையையும் உடைத்துக் கட்டுபவருக்கு அந்தக் காசு முழுதாகத் திரும்பி வருவது கடினம். வாங்குபவர் தன் விருப்பப்படி அதையும் உடைப்பார்.

பார்க்க வருபவர்களுக்கு நேரம் குறித்துக் கொடுங்கள். நினைத்த நேரத்தில் புரோக்கர் ஆட்களைக் கூட்டிவந்தால் அவதிப்படுவது வீட்டுப் பெண்கள். காலை 9 மணி முதல் 11 மணி வரை என்றால் வெளிச்சமும் இருக்கும், வீடும் கூட்டித் துடைத்திருக்கும்.

உறுதி, நிலஅளவைப் படம், சோலைவரிப் பற்றுச்சீட்டு, அங்கீகரிக்கப்பட்ட கட்டிட வரைபடம் ஆகியவற்றின் பிரதிகளை ஒரு பைலில் போட்டு மேசையில் வையுங்கள். வங்கிக் கடனில் வாங்குபவர் என்றால் காணிப் பதிவகத்தில் 30 வருட உரிமைத் தொடரையும் தேடுவார்கள். இரண்டு சகோதரர்களின் கையெழுத்து பாக்கியிருக்கும் வீட்டுக்கு எந்தப் பெயின்டும் உதவாது.

குடிபெயர்ந்து வீட்டைப் பூட்டி வைத்து விற்பவர்கள், வாரத்துக்கு ஒரு முறை யாரையாவது அனுப்பி யன்னல்களைத் திறந்து, பீலியில் சேர்ந்த இலைகளை அள்ளி, முற்றத்துப் பூச்சாடிகளையும் தண்ணீர்த் தாங்கியின் மூடியையும் பார்க்கச் சொல்லுங்கள். 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க நுளம்பு பெருகுதலைத் தடுக்கும் சட்டத்தின்படி, குடம்பிகள் காணப்பட்டால் வீடு பூட்டிக் கிடந்தது என்ற காரணத்தைச் சொல்லி உரிமையாளர் தப்பிக்க முடியாது.