உப்பளத்தில் வேலை இல்லை என்று உங்கள் போனுக்கு எப்படித் தெரியும்?

"ஏன் தம்பி, நாம பேசறத இந்தப் போனு ஒட்டுக் கேக்குதா?"

போன ஐப்பசியில் வானூரில் உறவினர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தபோது ஒரு அக்கா இப்படிக் கேட்டார். அவருக்குப் பிறந்த வீடு மரக்காணம். அண்ணன் குடும்பத்துக்கு உப்பளம்தான் சோறு. மழை இறங்கிவிட்டால் பாத்தியில் வேலை கிடையாது. அரசு தரும் 5,000 ரூபாய் மழைக்கால நிவாரணம் எத்தனை நாளைக்கு வரும்? அண்ணனுக்காக இவர் போனில் நகைக்கடன் வட்டியைத் தேடியிருக்கிறார். மறுநாளிலிருந்து சமையல் குறிப்பைத் திறந்தாலும் கடன் விளம்பரம், ராசிபலனைத் திறந்தாலும் கடன் விளம்பரம். "ஆதார் போதும், அஞ்சு நிமிஷத்துல பணம்னு விடாம வருது தம்பி."

போன் ஒட்டுக் கேட்கிறது என்ற சந்தேகம் உலகம் முழுக்க உண்டு. அமெரிக்காவின் நார்த்ஈஸ்டர்ன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018-ல் 17,000-க்கும் மேற்பட்ட ஆண்ட்ராய்டு ஆப்களைச் சோதித்துப் பார்த்தார்கள். ரகசியமாக மைக்கைத் திறந்து பேச்சைப் பதிவு செய்ததற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. உண்மை என்னவென்றால், ஒட்டுக் கேட்க வேண்டிய அவசியமே அவர்களுக்கு இல்லை. நாம் விரலால் தட்டித் தட்டி எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறோமே!

நீங்கள் ஒரு இணையதளத்துக்குள் போனதும் உங்கள் பிரவுசரில் அது ஒரு சின்ன டோக்கனைப் போட்டு வைக்கும். அதன் பெயர் குக்கீ. 1994-ல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் லூ மாண்டுலி என்ற இன்ஜினீயர் கண்டுபிடித்தது. வாடிக்கையாளர் கூடையில் என்ன போட்டார் என்று கடை மறக்காமல் இருக்கத்தான் அது தேவைப்பட்டது. ஆனால் சமையல் தளம், ராசிபலன் தளம், செய்தித் தளம் என்று எல்லாவற்றிலும் ஒரே விளம்பர நிறுவனம் ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தால்? ஒரே டோக்கன் எண்ணை வைத்து, நீங்கள் எங்கெங்கே போனீர்கள் என்று கோத்துவிடலாம்.

பக்கம் திறக்கிற அந்த ஒரு நொடிக்குள் ஏலம் நடக்கிறது. கடற்கரையில் மீன் ஏலம் விடும்போது கூடை கண்ணெதிரே இருக்கும். இந்த ஏலத்தில் கூடையில் இருப்பது நீங்கள். அக்காவின் பெயர்கூட அவர்களுக்குத் தேவையில்லை. 'கடன் தேடுகிறார், விழுப்புரம் மாவட்டம், ஆண்ட்ராய்டு போன்' என்றால் போதும். அதிக விலை கேட்டவரின் விளம்பரம் திரையில் வரும். கூகுளின் தாய் நிறுவனமான ஆல்பபெட்டுக்கு 2024-ல் வந்த வருமானத்தில் சுமார் முக்கால் பங்கு விளம்பரப் பணம்தான்.

புடவை விளம்பரம் துரத்தினால் எரிச்சலோடு போய்விடும். கையில் காசில்லாத மாதம் பார்த்துக் கடன் விளம்பரம் துரத்துவது அப்படியல்ல. கடன் ஆப்கள் போனில் உள்ள தொடர்பு எண்களையும் படங்களையும் தொடக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022-லேயே சொல்லிவிட்டது. கூகுள் பிளே ஸ்டோரும் 2023-ல் அதைத் தடுத்தது. ஆனாலும் வாட்ஸ்அப் லிங்க் வழியாக வரும் போலி ஆப்கள் எந்த விதியைப் பார்க்கப் போகின்றன? நம் படத்தை அசிங்கமாக மாற்றிச் சொந்தக்காரர்களுக்கு அனுப்பி மிரட்டுகிறவர்கள் அவர்கள்தான். மாட்டிக்கொண்டால் தயங்காமல் 1930-ஐ அழையுங்கள்.

குரோம் பிரவுசரில் தேர்ட் பார்ட்டி குக்கீகளை நீக்கப் போவதாக 2020-ல் அறிவித்த கூகுள், பலமுறை தள்ளிப்போட்டு, கடைசியில் அந்தத் திட்டத்தையே கைவிட்டது. ஆப்பிளின் சஃபாரி 2020-லிருந்தே அவற்றை முழுமையாகத் தடுக்கிறது. குரோமில் நாமேதான் செய்துகொள்ள வேண்டும். செட்டிங்ஸில் 'பிரைவசி அண்ட் செக்யூரிட்டி' போய் 'தேர்ட் பார்ட்டி குக்கீஸ்' என்பதை பிளாக் செய்யுங்கள். போனின் செட்டிங்ஸில் கூகுள், அதில் 'ஆட்ஸ்' என்று போனால் விளம்பர ஐடியை டெலிட் செய்யலாம். போனுக்குப் போன் இடம் கொஞ்சம் மாறும். விளம்பரம் நிற்காது, உங்களைக் குறிவைப்பது குறையும். 'இன்காக்னிட்டோவில்தானே தேடுகிறேன்' என்பவர்களுக்கு: அது ஹிஸ்டரியை வீட்டில் இருப்பவர்களிடமிருந்துதான் மறைக்கும். இது தொடர்பான அமெரிக்க வழக்கில், திரட்டிய கோடிக்கணக்கான பதிவுகளை அழிக்க கூகுள் 2024-ல் ஒப்புக்கொண்டது.

அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் 2017 ஆகஸ்ட் 24-ல் தீர்ப்பளித்தார்கள். டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-ல் வந்தது. நம் தகவலை எடுக்க ஒப்புதல் கேட்கும்போது அதைத் தமிழிலும் படிக்க வழி தர வேண்டும் என்கிறது அது. 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களைப் பின்தொடர்ந்து விளம்பரம் காட்டவும் தடை, சில விலக்குகளோடு. இந்தச் சட்டத்தின் கீழ் அதிகபட்ச அபராதம் 250 கோடி ரூபாய் வரை போக வாய்ப்புண்டு. விதிகள் 2025 நவம்பரில்தான் வந்தன. முக்கியமான கடமைகள் நடைமுறைக்கு வர அதிலிருந்து 18 மாதம். அவசரமே இல்லை பாருங்கள், அவர்களுக்கு!

அன்றைக்கு அக்காவின் போனை வாங்கி இதையெல்லாம் செய்து கொடுத்தேன். நோட்டிஃபிகேஷன் அனுப்ப அனுமதி பெற்ற தளங்களின் பட்டியலையும் திறந்து காட்டினேன். விரலால் தள்ளத் தள்ள அது நீண்டுகொண்டே போனது. அவருக்குத் தெரிந்த பெயர் இரண்டே இரண்டு. "மிச்சத்துக்கெல்லாம் நான் எப்ப அலவ் குடுத்தேன்?" என்று கேட்டபடி ஒவ்வொன்றாக அணைத்தார். பிறகு உள்ளே பார்த்து, பத்தாவது படிக்கும் மகளைக் கூப்பிட்டார். "ஏய், உன் போனையும் எடுத்துட்டு வா."