உள்தட்டு நிலநடுக்கம்

உள்தட்டு நிலநடுக்கம் என்பது புவித்தட்டுகளின் எல்லையில் அன்றி, தட்டொன்றின் உட்பகுதியில் ஏற்படும் நிலநடுக்கம் ஆகும். 1900இல் கோயம்புத்தூரிலும் 1993இல் மகாராட்டிரத்தின் லாத்தூரிலும் ஏற்பட்டவை இவ்வகையின. இதற்குக் காரணமான பாறைப் பிளவுகள் பெரும்பாலும் தரையில் தென்படுவதில்லை. சிறு அதிர்வுகளின் மையங்களைத் தொடர்ந்து குறித்து வந்தாலே புலப்படும்.

அதிர்வின் முதன்மை அலைக்கும் அதன்பின் வரும் இரண்டாம் அலைக்கும் இடைவெளி ஒரு நொடி எனில், மையம் ஏறத்தாழ 8 கி.மீ. தொலைவில் உள்ளது. மூன்று நிலையங்களைச் சுற்றி இத்தொலைவுகளில் வரையும் வட்டங்கள் சந்திக்குமிடமே மையம்.

பாரூர் அமைந்துள்ள கிருட்டிணகிரி மாவட்டத்தில் கருங்கல் குவாரிகள் மிகுதி. வெடி பாறையை எல்லாத் திசைகளிலும் வெளிநோக்கித் தள்ளும். பிளவு நழுவும்போதோ சில திசைகளில் தள்ளலும் பிறவற்றில் இழுப்பும் முதலில் பதிவாகும். வெடிகளைப் பிரித்தறியாவிடில் இல்லாத பிளவொன்று வரைபடத்தில் ஏறிவிடும். கர்நாடகத்தின் கௌரிபிதனூரில் 1965இல் நிறுவப்பட்ட நிலநடுக்கமானி வரிசையின் நோக்கமும் நிலத்தடி அணுவெடிகளை இனங்காண்பதே.