கிழக்கிலிருந்து வரும் பாட்டு



மணிமுத்தாற்றைக் கடந்து மலை ஏறுவோருக்கு மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து என்று தேயிலைத் தோட்டங்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் காட்சி தரும். 'தேயிலை' என்ற சொல்லைச் சற்றே பிரித்துப் பாருங்கள். அதன் முற்பகுதியாகிய 'தே' என்பது சீன தேசத்தின் தென்கிழக்குக் கடற்கரை மக்களின் பேச்சிலிருந்து வணிகர் வாயிலாக உலகெங்கும் பரவிய சொல். மலையாளத்தார் 'சாயா' என்பதும், ஜப்பானியர் 'சா' என்பதும் சீனத்தின் வேறொரு வழக்கிலிருந்து வந்தவை. ஆகவே கிழக்காசியா நம் பொருநைக் கரைக்குப் புதிய விருந்தாளி அன்று. முன்பு செடியாக வந்தது, இன்று பாட்டாக வருகிறது.

முப்பதாண்டுகளுக்கு மேல் ஆசிரியப் பணி புரிந்தவன் நான். ஜப்பானியப் பாட்டையும் கொரியப் பாட்டையும் கைப்பேசியில் கேட்கும் பிள்ளைகளை இம்மலையிலும் கண்டிருக்கிறேன். "புரியாத இரைச்சல்" என்று பெரியோர் கடிகின்றனர். "இதற்கு நிகர் இல்லை" என்று இளையோர் வாதிடுகின்றனர். இரு சாராருமே ஆராயாமல் தீர்ப்புச் சொல்கின்றனர் என்பது என் எண்ணம். ஒரு பாட்டை ஆராய மூன்று கேள்விகள் போதும். அதன் சுரம் எது? அதன் பொருள் என்ன? அது யாருடைய உழைப்பு?

முதலில் சுரத்தைக் காண்போம். ஜப்பானியரிடம் 'யோனாநுகி' என்றொரு சுர வரிசை உண்டு. நான்காவதும் ஏழாவதும் நீங்கியது என்பது அப்பெயரின் பொருள். ஏழு சுரங்களில் மத்திமத்தையும் நிஷாதத்தையும் நீக்கினால் எஞ்சுவது ஸ, ரி, க, ப, த. இது நம் மோகனத்தின் சுரவரிசையே அல்லவா? பண்டைத் தமிழரின் முல்லைப் பண் மோகனமே என்று இசையாய்வாளர் பலர் கருதுகின்றனர். ஜப்பானில் பெயர்பெற்ற 'சகுரா' என்னும் செர்ரிப் பூப் பாட்டு வேறு வகையைச் சேர்ந்தது. அதன் ஐந்து சுரங்களும் நம் கர்நாடக சுத்தசாவேரியின் சுரங்களோடு ஒத்திருக்கின்றன.

எனினும், சுரம் ஒத்துவிட்டால் இராகம் ஒத்துவிட்டதாகக் கொள்ளலாகாது. நம் இராகத்திற்குக் கமகமே உயிர். அசைத்தும் இழைத்தும் பாடினால்தான் மோகனம் மோகனமாகும். பதின்மூன்று நரம்புகள் கொண்ட 'கோட்டோ' என்னும் ஜப்பானிய இசைக்கருவியிலோ, மீட்டிய ஒலி மெல்லத் தேய்ந்து மறையும் அமைதிக்கும் அழகு உண்டு. இனி, இன்றைய கொரியக் குழுக்களின் பாட்டோ பெரும்பாலும் மேனாட்டு முறையில் அமைந்தது. பல சுரங்களை ஒருங்கே ஒலிக்கச் செய்தலும், தாளத்தோடு விரைந்து பேசுதலும் அதன் இயல்புகள். அதனிடம் மோகனத்தைத் தேடி ஏமாறுவது நியாயமன்று.

அடுத்தது பொருள். 1961ஆம் ஆண்டில் கியூ சகமோட்டோ என்னும் ஜப்பானியப் பாடகர் ஒரு பாட்டுப் பாடினார். துயரத்தை உள்ளடக்கித் தனியே நடக்கும் ஒருவனின் பாட்டு அது. 1963இல் அது அமெரிக்கப் பாட்டு வரிசையில் முதலிடம் பெற்றது. ஆனால் அங்கே அதற்குச் சூட்டிய பெயர் 'சுகியாகி'. அஃது ஓர் இறைச்சிக் கறியின் பெயர்! பாட்டுக்கும் கறிக்கும் யாதொரு தொடர்பும் இல்லை. மெட்டில் மயங்கிய இலட்சக்கணக்கானோர் பொருளைக் கேட்கவில்லை. அந்நிலை நமக்கு வரவேண்டாம். இன்று மொழிபெயர்ப்புகள் எளிதிற் கிடைக்கின்றன, தேடிப் படியுங்கள்.

பொருள் தேடும்போது ஓர் எச்சரிக்கையும் வேண்டும். கொரியரும் தந்தையை 'அப்பா' என்கின்றனர். தாயை 'ஒம்மா' என்கின்றனர். உடனே, "கொரிய மொழி தமிழிலிருந்து பிறந்தது" என்று முழங்குவோர் உளர். அப்பா, அம்மா போன்ற சொற்கள் குழந்தையின் உதட்டில் எளிதில் பிறப்பவை. உலகின் பல மொழிகளிலும் உள்ளவை. ஜப்பானிய அறிஞர் சுசுமு ஓனோ தமிழையும் ஜப்பானியத்தையும் பல்லாண்டுகள் ஒப்பிட்டு ஆராய்ந்தார். அவர் உழைப்பு போற்றத்தக்கது. ஆயினும் மொழியியலார் பெரும்பாலோர் அவர் முடிவை ஏற்றிலர். உறவு கொண்டாடுவதற்குச் சான்று வேண்டும்; நட்புக் கொள்வதற்கு அது வேண்டியதில்லை.

மூன்றாவது கேள்வி உழைப்பைப் பற்றியது. 2012இல் 'காங்னம் ஸ்டைல்' என்ற கொரியப் பாட்டு யூடியூபில் நூறு கோடி முறை பார்க்கப்பட்ட முதற் காட்சியாயிற்று. 2020இல் பி.டி.எஸ். குழுவின் பாட்டொன்று அமெரிக்க வரிசையில் முதலிடம் பிடித்தது. இவ்வெற்றியின் பின்னே, பள்ளிப் பருவத்திலேயே நிறுவனங்களில் சேர்ந்து ஆண்டுக்கணக்கில் ஆடலும் பாடலும் பயிலும் சிறுவர் சிறுமியர் பலர். அவர்களுள் மேடை ஏறுவோர் சிலரே. நெடுங்கால ஒப்பந்தங்களால் கலைஞர்கள் கட்டுண்டு வழக்குகளும் எழுந்தமையால், 2009இல் தென்கொரிய அரசின் வாணிப ஆணையம் ஒரு மாதிரி ஒப்பந்தம் வகுத்து, ஏழாண்டு என்று வரம்பு காட்டியது. ஒளிவீசும் மேடையைக் காணும்போது இதனையும் நினைத்தல் வேண்டும். அவ்விளைஞரின் ஒழுங்கான பயிற்சி பாராட்டுக்குரியது. அதே பயிற்சி அவர்தம் உறக்கத்தையும் இளமையையும் விலையாகக் கேட்குமாயின், அவ்விலை மிகுதி என்று சொல்லும் துணிவும் இரசிகருக்கு வேண்டும்.

பாட்டு ஒருவழிப் பாதையில் மட்டும் செல்வதன்று. 1970இல் ஒசாகா நகரில் நிகழ்ந்த உலகக் கண்காட்சி, 1973இல் வெளியான 'உலகம் சுற்றும் வாலிபன்' மூலம் நம் திரையரங்குகளுக்கு வந்தது. இரஜினிகாந்த் நடித்த 'முத்து' 1998இல் ஜப்பானில் 'ஆடும் மகாராஜா' என்னும் பொருள்படும் பெயரோடு திரையிடப்பட்டுப் பெருவரவேற்புப் பெற்றது. தமிழறியாத ஜப்பானியர் நம் பாட்டை இரசித்தனர் என்று நாம் மகிழ்கிறோம். கொரியம் அறியாத நம் பிள்ளை கொரியப் பாட்டை இரசித்தால் மட்டும் குற்றமாகுமா?

ஆனால் ஜப்பானியரிடம் நாம் கற்க வேண்டிய பாடம் ஒன்று உண்டு. அந்நாட்டுக் கல்வித்துறை 1912இல் தொடக்கப் பள்ளிப் பாட்டுப் புத்தகத்தில் 'சாட்சுமி' என்ற பாட்டைச் சேர்த்தது. அதன் பொருள் 'தேயிலை பறித்தல்'. இன்றும் அந்நாட்டுக் குழந்தைகள் இருவர் இருவராக எதிரெதிர் நின்று கைதட்டி அதனைப் பாடி விளையாடுவர். தோட்டத்தில் கொழுந்து கிள்ளும் கையைப் பள்ளிக்கூடம் மதித்தது. ஆகவே பாட்டு நிலைத்தது.

நம் மாஞ்சோலையிலோ, சிங்கம்பட்டி ஜமீனிடமிருந்து 1929இல் குத்தகைக்குப் பெற்ற நிலத்தில் தலைமுறை தலைமுறையாகக் கொழுந்து பறித்தனர். 2024இல் தோட்டப் பணி நின்றது. குடும்பங்கள் பல மலையை விட்டு இறங்கின. அவர்களோடு தாலாட்டும், கும்மியும், ஒப்பாரியும் இறங்கிச் சிதறுகின்றன. இவற்றைப் பாடப் புத்தகம் ஏற்கும்வரை காத்திருக்க இயலாது. பாடிய பாட்டிமார் காத்திரார்.

ஆதலின், மாணவர்களே, கிழக்கிலிருந்து வரும் பாட்டைத் தாராளமாகக் கேளுங்கள். அதன் சுரத்தையும், பொருளையும், உழைப்பையும் அறிந்து கேளுங்கள். அதே கைப்பேசியில் ஒலிப்பதிவும் செய்யலாம் அல்லவா? இந்த விடுமுறையில், தோட்டத்தில் வேலை பார்த்த ஒரு மூதாட்டியிடம் சென்று, அவர் அறிந்த பாட்டொன்றைப் பாடச் சொல்லிப் பதிவு செய்யுங்கள். ஊரையும், நாளையும், பாடியவர் பெயரையும் அவர் இசைவோடு குறித்து வையுங்கள். பிறகு அதே மூன்று கேள்விகளை அந்தப் பாட்டிடமும் கேளுங்கள்.