உங்களுக்குத் தெரியுமா? எல்லையோரத்து ‘லைன்’

இந்த வாரம் ஒரே ஒரு ஆங்கிலச் சொல். பள்ளிக்கூடப் பக்கம் போகாதவரும் நாளைக்கு நாலு தடவை சொல்லிவிடும் சொல்: லைன். பாலக்காட்டில் வாளையாறு, கொழிஞ்சாம்பாறை, கோவிந்தாபுரம். இடுக்கியில் மறையூர், மூணாறு, பூப்பாறை, குமுளி. தமிழும் மலையாளமும் ஒரே டீக்கடை பெஞ்சில் உட்காரும் இந்த ஊர்களில் அந்தச் சொல் என்ன பாடு படுகிறது என்று பாருங்கள்.

*

லைனுக்கு மூலம் ஒரு செடி. லத்தீனில் ஆளிச் செடியின் பெயர் ‘லீனும்’. இப்போது மளிகைக் கடையில் ஆளிவிதை என்று பொட்டலம் போட்டு விற்கிறார்களே, அதே செடிதான். அதன் நாரில் திரித்த நூல் ‘லீனியா’. சுவரில், பலகையில் அந்த நூலை இழுத்துப் பிடித்து நேர் பார்த்ததில் நூலின் பெயர் கோட்டுக்கும் ஒட்டிக்கொண்டது. லினன் சட்டை, ஜாக்கெட்டுக்குள் தைக்கும் லைனிங், லைன் மூன்றும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள்.

நாமும் ‘நூல் பிடிச்ச மாதிரி’ என்றுதானே சொல்கிறோம்!

*

ஆசாரியிடம் கேளுங்கள், ‘ரெண்டு நூல் சீவணும்’ என்பார். ஒரு நூல் என்பது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. ஆங்கிலேயரிடமும் ‘லைன்’ என்று ஓர் அளவு இருந்தது; அங்குலத்தில் பன்னிரண்டில் ஒரு பங்கு. அது ஏறக்குறைய செத்துவிட்டது. ஆனால் பொத்தான் வியாபாரத்தில் வேறொரு கணக்கில் லைன் இன்னும் உயிரோடு இருக்கிறது: அங்குலத்துக்கு 40 லைன். சட்டை முன்பக்கத்துப் பொத்தான் பெரும்பாலும் 18 லைன். சந்தேகம் இருந்தால் ஸ்கேல் வைத்துப் பாருங்கள், 11 மில்லிமீட்டருக்குச் சற்று மேலே வரும்.

*

கோயம்புத்தூரில் ‘ரூட் பஸ்’. வாளையாறு தாண்டிவிட்டால் அதுவே ‘லைன் பஸ்’. கல்யாணத்துக்கும் சுற்றுலாவுக்கும் எடுக்கும் டூரிஸ்ட் பஸ் வேறு. தினமும் ஒரே தடத்தில் ஓடுவது லைன் பஸ்.

*

அந்த லைன் பஸ்ஸில் ஒரு பையனும் பெண்ணும் தினம் பக்கத்துப் பக்கத்து இருக்கையில் வந்தால், கண்டக்டர் கண்ணடித்து, ‘அவரு தம்மில் லைனா’ என்பார். காதல் என்று அர்த்தம். தமிழ்ப் பக்கம் ‘லைன் போடுறான்’ என்றால் ஒருதலை முயற்சி மட்டும்தான்; கைகூடியதா இல்லையா என்று சொல்லாது. இந்த ஒரு விஷயத்தில் மலையாள லைனுக்குத்தான் நம்பிக்கை அதிகம்.

*

தமிழில் வரி என்றால் கோடு, பாட்டின் அடி, அரசாங்கத்துக்குக் கட்டும் பணம். மலையாளத்தில் பணத்துக்கு ‘நிகுதி’ என்று வேறு சொல் இருக்கிறது. அங்கே ‘வரி’ என்றால் கியூ. ‘வரி நில்க்கணும்’ என்று ரேஷன் கடையில் சொன்னால் பர்ஸைத் தடவாதீர்கள், பின்னால் போய் நில்லுங்கள். பத்திரிகைக்குச் சந்தா கட்டுபவர் அங்கே ‘வரிக்காரன்’. வரி வசூலிக்க வந்தவன் என்று நினைத்துப் பயப்பட வேண்டாம்.

இரண்டு பொருளும் ஒன்றாகப் பொருந்திய இடம் ஒன்று உண்டு: வாளையாறு வணிகவரிச் செக்போஸ்ட். வரிக்காக லாரிகள் வரியாக நின்றன. 2017 ஜூலை 1இல் ஜி.எஸ்.டி. வந்ததும் அந்த வரிச் செக்போஸ்ட்டுகள் மூடப்பட்டன.

*

1956 நவம்பர் 1இல் மொழிவாரி மாநிலம் பிரித்து, தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தில் என்று வரைபடத்தில் ஒரு லைன் போட்டார்கள். அந்த ஒரு லைனை மட்டும் இங்கே யாரும் லைன் என்று சொல்வதில்லை. ‘செக்போஸ்ட்டுக்கு அந்தப் பக்கம்’ என்பார்கள்.

*

கொங்குப் பக்கம் ‘அவர் லைனுக்குப் போயிருக்கார்’ என்றால் மின்கம்பி பார்க்கப் போயிருக்கிறார் என்று எண்ணாதீர்கள். ஊர் ஊராகக் கடன் கொடுத்து, வாராவாரம் வண்டியில் போய்த் தவணை வாங்குவதற்குப் பெயர் லைன். மின்கம்பி பார்ப்பவர் லைன்மேன். எல்லைக்கு இரண்டு பக்கமும் பெயர் மாறாத ஒரே ஆள்.

*

மூணாற்றில் ரயில் லைன் இருந்தது. முதலில் 1902 வாக்கில், பெரும்பாரத்தை ஒற்றைத் தண்டவாளம் தாங்க, மாடு இழுத்துப் போகும் வண்டி. 1908இல் அதை எடுத்துவிட்டுச் சிறிய நீராவி ரயில். மூணாற்றிலிருந்து குண்டளை வழியாக மலைவிளிம்பு வரை தேயிலைப் பெட்டிகள் போகும். அங்கிருந்து கம்பிவட ரோப்வேயில் தொங்கியபடி போடிப் பக்கத்து அடிவாரத்துக்கு இறங்கும். மேலே இருந்த அந்த ஸ்டேஷன்தான் டாப் ஸ்டேஷன். 1924 வெள்ளம் லைனை அடித்துக்கொண்டு போயிற்று. மலையாளிகள் இன்றும் ‘தொண்ணூற்றொன்பதிலெ வெள்ளப்பொக்கம்’ என்று சொல்வது அதைத்தான் (கொல்லம் ஆண்டு 1099). ரயில் போய் நூறு வருடம் ஆகியும் ஊர்ப்பெயரில் ஸ்டேஷன் நிற்கிறது.

*

‘டெட்லைன்’ பிறந்த இடம் பத்திரிகை ஆபீஸ் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது, 1864இல், ஜார்ஜியாவின் ஆண்டர்சன்வில் சிறை முகாமில் மதிலுக்கு உள்ளே ஒரு கட்டை வேலி போட்டிருந்தார்கள். அதைத் தாண்டும் கைதியைக் கேள்வி கேட்காமல் சுடலாம். அதுதான் டெட்லைன். தமிழில் ‘கெடு’ என்று இரண்டே எழுத்தில் இருக்கிறது, குண்டும் இல்லை.

*

பாலக்காட்டில் லயம் என்றால் மணி ஐயரின் மிருதங்கம். சங்கீத கலாநிதி விருது பெற்ற முதல் மிருதங்க வித்வான் அவர், 1966இல். மூணாற்றில் லயம் என்றால் வீடு.

பட்டாளத்தில் சிப்பாய்களுக்கு வரிசையாகக் கட்டிய குடியிருப்பை ஆங்கிலேயர் ‘லைன்ஸ்’ என்றார்கள். நம் ஊர்களில் போலீஸ் லைன் என்று தெருவே உண்டு. அதே பாணியில் தேயிலைத் தோட்டத்தில் கட்டிய வரிசை வீடுகளும் லைன் ஆயின. மலையேறி வந்த திருநெல்வேலிச் சீமைக்காரர்கள் வாயில் அது லயம் ஆயிற்று, மலையாளமும் அப்படியே எடுத்துக்கொண்டது. வயநாட்டிலும் கூடலூரிலும் போனால் ‘பாடி’ என்பார்கள். திருப்பூர், கோவையில் ‘லைன் வீடு’. இலங்கை மலையகத்தில் லயம், லயன் இரண்டும் உண்டு. லயத்தின் ஒவ்வோர் அறையும் ‘காம்பரா’, அது போர்த்துகீசியர் விட்டுப்போன சொல். சென்னையிலிருந்து போனவர் ‘லயன் காம்பரா’ என்று கேட்டால் சிங்கத்தைத் தேடுவார்.

எப்படி இருக்கும்? ஒரே நீளக் கூரை. அதன் கீழ் ஆறோ எட்டோ வீடு, பக்கத்து வீட்டுக்கும் நமக்கும் நடுவே பொதுச் சுவர். முதல் வீட்டில் கடுகு தாளித்தால் நாலாவது வீட்டில் இருமல் கேட்கும். வாசலில் அடுக்கி வைத்த விறகு, கொடியில் சொட்டிக்கொண்டிருக்கும் மழைச் சாக்கு, கூரையில் டிஷ் ஆன்டெனா. துணி உலர்த்தும் கொடிக்கும் ஆங்கிலத்தில் லைன் என்றுதான் பெயர். லைனுக்குள்ளே இன்னொரு லைன்.

தோட்டத் தொழிலாளிக்கு முதலாளி வீடு கொடுக்க வேண்டும் என்று 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் சொன்னது. கொடுத்த வீடு வேலைக்குக் கட்டிய வீடு. வேலை ஓய்ந்தால் காலி செய்ய வேண்டும். முப்பது நாற்பது வருடம் கொழுந்து எடுத்தவர், மகனோ மருமகளோ தோட்டத்து வேலைக்குப் பெயர் கொடுத்தால்தான் அதே அடுப்பில் சமைக்கலாம். படித்த பிள்ளை கொச்சிக்கோ திருப்பூருக்கோ போய்விட்டால் வீடும் போய்விடும். இதை மூணாறு சுற்றுலாக் கையேடு எதிலும் நான் பார்த்ததில்லை.

*

2020 ஆகஸ்ட் 6ஆம் தேதி இரவு, ராஜமலைக்கு அப்பால் பெட்டிமுடியில் மலை சரிந்து நான்கு லயங்களை மூடியது. 70 பேர் இறந்தார்கள். பல குடும்பங்களுக்குச் சொந்த ஊர் தூத்துக்குடி மாவட்டத்துக் கயத்தாறு பக்கம். அடைமழையில் கரண்ட் லைனும் போன் லைனும் அற்றுப்போயிருந்ததால் செய்தி வெளியே வர மறுநாள் காலை ஆயிற்று.

*

பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும் வாழும் இடங்களை ‘காலனி’ என்று எழுதக் கூடாது, அந்தச் சொல்லில் இழிவு இருக்கிறது என்று 2024 ஜூனில் கேரள அரசு உத்தரவிட்டது. 2025 ஏப்ரலில் தமிழ்நாட்டு முதல்வரும் அரசு ஆவணங்களிலிருந்து ‘காலனி’ நீக்கப்படும் என்று சட்டமன்றத்தில் அறிவித்தார். எல்லைக்கு இரண்டு பக்கமும் ஓர் ஆங்கிலச் சொல் அழிகிறது, நல்லது. லயத்துக்காரர்கள் சொல்லை மாற்றச் சொல்லிக் கேட்டதாக நான் கேள்விப்பட்டதில்லை. அவர்கள் கேட்பது பட்டா.